ஃபோர்பால்: இருவர் ஜோடியாக கோல்ஃப் ஆடுவதும் எண்ணிக்கை எழுதுவதும்

கோல்ஃபுக்குப் புதிதாக வந்தவர் முதலில் எந்தப் போட்டியில் பெயர் கொடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் ஃபோர்பால் என்பேன். தனியாட்டத்தில் ஒரே ஒரு ஹோலில் (தொடக்க இடமான டீயிலிருந்து குழிவரை உள்ள ஒரு பகுதி) பந்து இரண்டு முறை தண்ணீரில் விழுந்தால் போதும், அன்றைய எண்ணிக்கை அட்டை பாழாகிவிடும். ஃபோர்பாலில் அப்படியில்லை. உங்கள் பந்து தண்ணீருக்குள் போன அதே ஹோலை உங்கள் கூட்டாளி காப்பாற்றுவார். அடுத்த ஹோலில் நீங்கள் அவரைக் காப்பாற்றுவீர்கள். பயமில்லாமல் ஆடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த வடிவத்தைப் பலர் பாதி மட்டுமே புரிந்துகொண்டு ஆடுகிறார்கள். இருவரும் தத்தம் பந்தை அடித்துக்கொண்டு போய், கடைசியில் குறைந்த எண்ணை எழுதுவதுதான் ஃபோர்பால் என்று நினைத்துவிடுகிறார்கள். யார் முதலில் அடிப்பது, யார் எப்போது பந்தை எடுத்துக்கொள்வது, எந்த ஹோலில் யாருக்குச் சலுகை அடி (திறமைக்கேற்ப எண்ணிக்கையிலிருந்து கழிக்கத் தரப்படும் அடி) இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு ஹோலிலும் கேட்கும் ஜோடிதான் உண்மையில் ஜோடியாக ஆடுகிறது. மற்றவர்கள் ஒரே நேரத்தில் ஒரே மைதானத்தில் நடக்கும் இரண்டு தனி ஆட்டக்காரர்கள்.

எது ஃபோர்பால், எது அல்ல

ஜோடியில் இருவர். ஒவ்வொருவருக்கும் தனிப் பந்து. டீயிலிருந்து குழிவரை அவரவர் பந்தை அவரவரே ஆடுகிறார். ஹோல் முடிந்ததும் இருவரின் எண்ணிக்கையில் எது குறைவோ அது ஜோடியின் எண்ணிக்கை. இரண்டு ஜோடிகள் சேர்ந்து போனால் மைதானத்தில் நான்கு பந்துகள் இருக்கும். பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

இருவர் ஆடும் வேறு வடிவங்களும் உண்டு. ஃபோர்சம்ஸில் ஜோடிக்கு ஒரே பந்து. இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும், டீயிலும் ஒருவர் ஒற்றைப்படை ஹோல்களிலும் மற்றவர் இரட்டைப்படை ஹோல்களிலும் அடிக்க வேண்டும். கிரீன்சம்ஸில் இருவரும் டீயிலிருந்து அடித்து, நல்ல பந்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து மாறி மாறி அடிப்பார்கள். ஸ்கிராம்பிளில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நல்ல பந்து கிடக்கும் இடத்துக்கு இருவரும் வந்து அங்கிருந்தே அடிப்பார்கள். பேச்சுவழக்கில் இவை ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ‘பெஸ்ட் பால்’ என்று அழைப்பிதழில் இருந்தால் அது ஃபோர்பாலா ஸ்கிராம்பிளா என்று நடத்துபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆடும் முறையும் வேறு, ஹாண்டிகேப் (ஒருவருக்கு எத்தனை சலுகை அடி என்று காட்டும் எண்) கணக்கும் வேறு.

கோல்ஃபின் புகழ்பெற்ற அணிப் போட்டியான ரைடர் கோப்பை 1927-இல் தொடங்கியபோது அதில் ஃபோர்சம்ஸும் ஒற்றையர் ஆட்டமும் மட்டுமே இருந்தன. ஃபோர்பால் 1963-இல்தான் சேர்ந்தது. இன்று அந்தக் கோப்பையின் 28 புள்ளிகளில் 8 ஃபோர்பாலுக்கும் 8 ஃபோர்சம்ஸுக்கும் 12 ஒற்றையருக்கும் போகின்றன. நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் ஜூரிச் கிளாசிக் 2017 முதல் இருவர் ஜோடிப் போட்டியாக மாறி, இதே இரண்டு வடிவங்களிலும் ஆடப்படுகிறது. வடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பழக இவை இரண்டும் நல்ல வாய்ப்பு. பந்து எங்கே போகிறது என்பதைவிட, அடிப்பதற்கு முன் இருவரும் என்ன முடிவு செய்கிறார்கள் என்று கவனியுங்கள்.

இரண்டு பந்து என்ன செய்கிறது

பத்து ஹோல்களில் மூன்றில் பார் (ஒரு ஹோலுக்கென்று வகுத்த அடிகளின் எண்ணிக்கை) எடுக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹோலில் அவர் பார் எடுக்காமல் போகும் வாய்ப்பு 0.7. அவரைப் போன்ற இருவர் ஜோடி சேர்ந்தால், இருவருமே ஒரே ஹோலில் தவறவிடும் வாய்ப்பு 0.7 × 0.7, அதாவது 0.49. ஆக நூறு ஹோல்களில் 51-இல் யாராவது ஒருவர் பார் எடுத்துவிடுவார். இருவரில் யாரும் முன்னேறவில்லை. ஆனாலும் ஜோடியாகச் சேர்ந்ததும் 30 என்பது 51 ஆகிவிட்டது.

இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஃபோர்பாலில் வரும் எண்ணிக்கையைப் பார்த்து உங்கள் ஆட்டம் திடீரென்று மேம்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம் என்பது ஒன்று. இந்தப் பலன் முழுவதும் இருவரும் *வெவ்வேறு* ஹோல்களில் தவறுவதால் கிடைப்பது என்பது மற்றொன்று. ஒரே ஹோலில் இருவரும் ஒரே ஏரியைத் தாண்ட முயன்று, இருவரும் விழுந்தால் இரண்டு பந்து இருந்தும் பயனில்லை. பின்னால் வரும் உத்திகள் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவை.

டீக்குப் போவதற்கு முன்

முதலில் பந்தில் அடையாளம் போடுங்கள். நான்கு பேரும் ஒரே நிறுவனத்தின் ஒரே எண் போட்ட பந்தை வைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. பேனாவால் இரண்டு புள்ளியோ ஒரு கோடோ போட்டு, உங்கள் அடையாளம் என்ன என்று மற்ற மூவரிடமும் சொல்லிவிடுங்கள். தவறான பந்தை அடித்தால் மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக வெல்லும் ஆட்டம்) அந்த ஹோலில் உங்கள் எண்ணிக்கை செல்லாது. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளைக் கூட்டும் ஆட்டம்) இரண்டு அபராத அடிகள் சேரும், சரியான பந்துக்குத் திரும்பி வந்து ஆடவும் வேண்டும். இரண்டிலும் கூட்டாளிக்குத் தண்டனை இல்லை, அவர் தன் பந்தைத் தொடர்ந்து ஆடலாம்.

அடுத்தது ஹாண்டிகேப். உங்கள் ஹாண்டிகேப் இண்டெக்ஸை அந்த மைதானத்தின் கடினத்தைக் காட்டும் ஸ்லோப் எண்ணால் பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய எண்ணிக்கை) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் கோர்ஸ் ஹாண்டிகேப் கிடைக்கும். இண்டெக்ஸ் 16.4, ஸ்லோப் 124, ரேட்டிங்கும் பாரும் 72 என்றால் 16.4 × 124 ÷ 113 = 18. மைதானத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையோ கைபேசிச் செயலியோ இதைச் சொல்லிவிடும். ஆனாலும் எண் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

ஃபோர்பாலில் இந்த எண் முழுதாகக் கிடைக்காது. உலக ஹாண்டிகேப் முறை பரிந்துரைப்பது ஃபோர்பால் ஸ்ட்ரோக் பிளேக்கும், ஹோலுக்கு ஹோல் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டுக்கும் 85 சதவீதம், ஃபோர்பால் மேட்ச் பிளேக்கு 90 சதவீதம். ஏன் குறைக்கிறார்கள் என்று புதியவர்கள் வருத்தப்படுவதுண்டு. ஹாண்டிகேப் அதிகமுள்ளவரின் எண்ணிக்கை ஹோலுக்கு ஹோல் பெரிதாக ஏறி இறங்கும். ஃபோர்பாலில் அவருடைய மோசமான ஹோல்கள் கணக்கில் வராமல் போய், நல்ல ஹோல்கள் மட்டும் நிற்கும். அந்தச் சாதகத்தைச் சமன் செய்யத்தான் இந்தக் குறைப்பு. எத்தனை சதவீதம் என்பதைப் போட்டி அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அட்டையில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்ற வரிசையைப் பாருங்கள். 1 முதல் 18 வரை ஒவ்வொரு ஹோலுக்கும் ஓர் எண் இருக்கும். உங்களுக்கு 7 சலுகை அடி என்றால் 1 முதல் 7 வரை எண் உள்ள ஹோல்களில் தலா ஒன்று. 23 என்றால் எல்லா ஹோல்களிலும் ஒன்று, 1 முதல் 5 வரை உள்ளவற்றில் இன்னொன்று. உங்களுக்கும் கூட்டாளிக்கும் சலுகை கிடைக்கும் ஹோல்களில் முதல் டீயிலேயே பென்சிலால் புள்ளி வைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். இதைச் செய்யாத ஜோடிகள் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) நின்று கணக்குப் போட்டுத் தடுமாறுவதைப் பார்க்க மனசு கேட்காது.

டீயில் யார் முதலில்

உங்கள் ஜோடியின் முறை வந்ததும் இருவரில் யார் வேண்டுமானாலும் முதலில் அடிக்கலாம். இந்தச் சுதந்திரத்தை விதியே கொடுக்கிறது. முந்தைய ஹோலில் நன்றாக ஆடியவரே முதலில் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஜோடிக்குள் கிடையாது.

பெரும்பாலோர் சொல்லும் வழி இதுதான்: நிதானமாக நேராக அடிப்பவர் முதலில் அடிக்கட்டும். அவருடைய பந்து ஃபேர்வேயில் (ஹோலின் நடுவே புல் வெட்டிய பாதை) விழுந்துவிட்டால், நீண்ட தூரம் அடிப்பவர் தயக்கமில்லாமல் வீசலாம். நல்ல வழிதான். ஆனால் இதை எல்லா ஹோல்களுக்கும் ஒரே மாதிரி பின்பற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. யார் நன்றாக ஆடுகிறார் என்பதைவிட, *இந்த* ஹோலில் யாருக்குச் சலுகை அடி இருக்கிறது என்பதே முக்கியம். கூட்டாளிக்குச் சலுகை இல்லாத, உங்களுக்குச் சலுகை உள்ள ஹோலில் நீங்கள் ஐந்தில் முடித்தாலே நிகரம் (சலுகையைக் கழித்த எண்ணிக்கை) நான்கு. அவரோ நான்கிலேயே முடிக்க வேண்டும். அந்த ஹோலின் நங்கூரம் நீங்கள்தான், உங்கள் ஹாண்டிகேப் இருபதாக இருந்தாலும் சரி. நீங்கள் முதலில் அடித்து, கிளப்பை (மட்டையை) ஒரு படி குறைத்துக்கொண்டு, பந்தை உயிரோடு வையுங்கள். வல்லவர் அதற்குப் பிறகு துணிந்து ஆடட்டும்.

இரண்டாம் அடியிலும் இதே சிந்தனைதான். ஒரு பந்து நல்ல இடத்தில் கிடந்தால் மற்றவர் கொடியை நேராகக் குறிவைக்கலாம். ஒரு பந்து காட்டுக்குள் போய்விட்டால், மற்றவருக்கு அந்த ஹோலில் வீர விளையாட்டுக்கு அனுமதியில்லை. கிரீனின் நடுப்பகுதியே அவர் இலக்கு. இருவரும் ஒரே ஆபத்தில் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. இந்த முடிவை அடிப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். மனத்தில் நினைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கிரீனில் நடக்கும் ஆட்டம்

ஃபோர்பாலின் சுவை முழுவதும் கிரீனில்தான் இருக்கிறது. குழியிலிருந்து தூரத்தில் இருப்பவருடைய ஜோடியின் முறை வந்தால், அவரோ அவருடைய கூட்டாளியோ யாராவது ஒருவர் பட் செய்யலாம், அதாவது பந்தைக் குழியை நோக்கி உருட்டலாம். உங்கள் கூட்டாளி பேர்டிக்கு (பாரைவிட ஓர் அடி குறைவு) எட்டு மீட்டரில் இருக்கிறார். நீங்கள் பாருக்கு ஒரு மீட்டரில் இருக்கிறீர்கள். நீங்கள் முதலில் உங்கள் சிறிய பட்டைப் போட்டு பாரை உறுதி செய்துவிட்டால், கூட்டாளி குழியைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை என்று பந்தைத் தைரியமாக அனுப்பலாம். அவர் பந்து உருளப்போகும் கோட்டில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள்.

இருவர் பந்தும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருந்தால் நிலைமை வேறு. அப்போது எண்ணிக்கையில் பின்தங்கியவர் முதலில் பட் செய்து, பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பதை மற்றவருக்குக் காட்டுவது லாபம். கூட்டாளி பட் செய்யும்போது கோட்டின் நேர் பின்னால் போய் நின்று பார்த்து, அதை வைத்து உங்கள் பட்டைத் திட்டமிடுவதை மட்டும் விதி தடுக்கிறது. பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

மேட்ச் பிளேயில் இன்னொரு நுட்பம் சேர்கிறது. எதிரணி உங்கள் சிறிய பட்டை விட்டுக்கொடுக்கலாம். அதாவது போடாமலேயே போட்டதாக ஏற்றுக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்ததை அவர்கள் திரும்பப் பெற முடியாது, நீங்கள் மறுக்கவும் முடியாது. தாராள மனம் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பந்து கூட்டாளியின் கோட்டிலேயே கிடந்தால், நீங்கள் பட் செய்து அவருக்கு வழிகாட்டிவிடாமல் தடுக்கவும் விட்டுக்கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் அந்தப் பந்தைப் போட்டு, அது கூட்டாளிக்கு உதவினால் உங்கள் எண்ணிக்கை நிற்கும். ஆனால் கூட்டாளியின் எண்ணிக்கை அந்த ஹோலில் ஜோடிக்குச் சேராது. பழக்க தோஷத்தில் ‘சும்மா போட்டுப் பார்க்கிறேன்’ என்று பட் செய்பவர்கள் கூட்டாளியின் பேர்டி வாய்ப்பையே அழித்துவிடுவார்கள். விட்டுக்கொடுத்தார்கள் என்றால் பந்தை எடுத்துப் பையில் போடுங்கள்.

எப்போது பந்தை எடுத்துக்கொள்வது

ஜோடியின் எண்ணிக்கைக்கு இனி உங்கள் பந்து உதவாது என்று தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். கூட்டாளி நிகரம் நான்கில் முடித்துவிட்டார், நீங்கள் இன்னும் மணல் பள்ளமான பங்கருக்குள் ஆறாவது அடிக்குத் தயாராகிறீர்கள் என்றால் அந்த அடி யாருக்காக? பின்னால் வரும் குழு காத்திருக்கிறது. ஃபோர்பால் மெதுவான ஆட்டம் என்று பெயர் எடுத்திருப்பதற்குக் காரணம், எடுக்க வேண்டிய பந்தை எடுக்காதவர்கள்தான்.

ஆனால் எடுப்பதற்கு முன் அந்தப் பென்சில் புள்ளியைப் பாருங்கள். கூட்டாளி ஐந்தில் முடித்திருக்கிறார், அவருக்குச் சலுகை இல்லை. நீங்கள் நான்கு அடிகளுக்குப் பிறகு கிரீனில் இரண்டு மீட்டரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. ‘அவர் ஐந்து, நானும் போட்டால் ஐந்துதானே’ என்று பந்தை எடுத்தால் ஓர் அடியைத் தூக்கி எறிகிறீர்கள். அந்த பட் விழுந்திருந்தால் நிகரம் நான்கு. புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே மிகவும் வருத்தத்துக்குரியது. தன் பந்து கணக்கில் வராது என்று மனத்தளவில் முன்கூட்டியே முடிவெடுத்துவிடுவதால் நடப்பது இது.

கூட்டாளி இன்னும் முடிக்கவில்லை என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு மீட்டர் பட்டும் தவறும்.

எண்ணிக்கை: ஸ்ட்ரோக் பிளே

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய கோர்ஸ் ஹாண்டிகேப் 10, மற்றவருடையது 18. அவர்களைப் பத்துக்காரர், பதினெட்டுக்காரர் என்றே அழைக்கலாம். 85 சதவீதம் எடுத்தால் பத்துக்காரருக்கு 8.5; முழு எண்ணாக்கினால் 9. பதினெட்டுக்காரருக்கு 15.3, அதாவது 15. ஆகவே ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 9 வரை உள்ள ஹோல்களில் இருவருக்கும் சலுகை, 10 முதல் 15 வரை பதினெட்டுக்காரருக்கு மட்டும், மீதி மூன்றில் யாருக்கும் இல்லை.

முதல் ஹோல் பார் 4, இண்டெக்ஸ் 7. பத்துக்காரர் 5, பதினெட்டுக்காரர் 6. இருவருக்கும் ஒரு சலுகை. நிகரம் 4, 5. ஜோடிக்கு 4.

இரண்டாம் ஹோல் பார் 3, இண்டெக்ஸ் 15. இருவரும் 4. பத்துக்காரருக்குச் சலுகை இல்லை, அவர் 4-இலேயே நிற்கிறார். பதினெட்டுக்காரருக்கு உண்டு, அவர் நிகரம் 3. ஜோடிக்கு 3. அடித்தது சமம்தான், ஆனால் கணக்கில் ஏறியது ஹாண்டிகேப் அதிகமுள்ளவரின் எண்.

மூன்றாம் ஹோல் பார் 5, இண்டெக்ஸ் 1. பத்துக்காரர் தண்ணீரில் இருமுறை விட்டுப் பந்தை எடுத்துவிட்டார். பதினெட்டுக்காரர் 7, நிகரம் 6. ஜோடிக்கு 6.

நான்காம் ஹோல் பார் 4, இண்டெக்ஸ் 11. பத்துக்காரர் அருமையாக 3. பதினெட்டுக்காரர் 5, நிகரம் 4. ஜோடிக்கு 3.

நான்கு ஹோல்களுக்கு மொத்தம் 16. நான்கின் பாரும் 16. ஜோடி பாருக்குச் சமமாக நிற்கிறது. கூட்ட வேண்டியது ஹோல் ஹோலாக வந்த குறைந்த எண்களை. இருவரின் மொத்தத்தைத் தனித்தனியே கூட்டிவிட்டு, கடைசியில் எது குறைவு என்று பார்க்கக் கூடாது. இந்தக் குழப்பம் இன்னும் பலரிடம் இருக்கிறது.

இதையே ஸ்டேபிள்ஃபோர்டாக எண்ணினால் ஒவ்வொரு ஹோலிலும் நிகரத்தைப் பாரோடு ஒப்பிட்டுப் புள்ளி கொடுக்க வேண்டும்: பாருக்கு 2, போகிக்கு (பாரைவிட ஒன்று அதிகம்) 1, பேர்டிக்கு 3, ஈகிளுக்கு (பாரைவிட இரண்டு குறைவு) 4, பாரைவிட இரண்டோ அதற்கு மேலோ அதிகமானால் 0. மேலே சொன்ன நான்கு ஹோல்களுக்கு 2, 2, 1, 3, மொத்தம் 8. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கில மருத்துவர் உருவாக்கிய இந்த முறையில் 1932-இல் இங்கிலாந்தின் வாலஸி மைதானத்தில் போட்டி நடந்தது. மோசமான ஒரு ஹோல் நாள் முழுவதையும் கெடுத்துவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். ஃபோர்பாலின் இயல்பும் அதுவே என்பதால் இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன. புதியவர்கள் ஜோடிக்கு நான் முதலில் சொல்வது ஃபோர்பால் ஸ்டேபிள்ஃபோர்ட்தான். இருவரும் ஒரே ஹோலில் சொதப்பினாலும் 0 எழுதிவிட்டு நடந்துவிடலாம்.

எண்ணிக்கை: மேட்ச் பிளே

இங்கே மொத்தம் முக்கியமில்லை. ஒவ்வொரு ஹோலும் ஒரு தனிச் சண்டை. குறைந்த நிகரம் வைத்திருக்கும் ஜோடி ஹோலை வெல்கிறது. சமமானால் யாருக்கும் இல்லை.

நம் ஜோடிக்கு எதிரே 14-உம் 26-உம் ஹாண்டிகேப் உள்ள ஜோடி என்று கொள்வோம். 90 சதவீதத்தில் நால்வரின் எண்கள் 9, 16, 13, 23 ஆகின்றன. மேட்ச் பிளேயில் நால்வரிலும் குறைந்தவர் பூஜ்யத்திலிருந்து ஆடுவார். மற்றவர்களுக்கு அவரோடு உள்ள வித்தியாசம் மட்டுமே சலுகை. ஆகவே பத்துக்காரருக்கு 0, பதினெட்டுக்காரருக்கு 7, பதினான்குக்காரருக்கு 4, இருபத்தாறுக்காரருக்கு 14.

இண்டெக்ஸ் 5 உள்ள ஹோல். சலுகை பதினெட்டுக்காரருக்கும் இருபத்தாறுக்காரருக்கும். நம் ஜோடி 4, 6. எதிரணி 5, 5. நிகரத்தில் நமக்கு 4, 5. அவர்களுக்கு 5, 4. இரு பக்கமும் குறைந்தது 4. ஹோல் சமம்.

இண்டெக்ஸ் 12. சலுகை இருபத்தாறுக்காரருக்கு மட்டும். நால்வரும் 5. அவர் நிகரம் 4 ஆகி, எதிரணி ஒன்று முன்னால்.

இண்டெக்ஸ் 16. யாருக்கும் சலுகை இல்லை. பத்துக்காரர் 3, மற்ற மூவரும் 4. மீண்டும் சமநிலை.

இண்டெக்ஸ் 3. பத்துக்காரரைத் தவிர மூவருக்கும் சலுகை. பத்துக்காரர் 5, பதினெட்டுக்காரர் 5. பதினான்குக்காரர் 6, இருபத்தாறுக்காரர் எடுத்துவிட்டார். நம் குறைந்த நிகரம் 4, அவர்களுடையது 5. நம் ஜோடி ஒன்று முன்னால்.

மீதமுள்ள ஹோல்களைவிட முன்னணி அதிகமானதும் ஆட்டம் முடிந்துவிடும். இரண்டு ஹோல் மீதமிருக்க மூன்று முன்னால் இருந்தால் ‘3&2’ என்று எழுதுவார்கள். ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் நிலவரத்தைச் சத்தமாகச் சொல்லி எதிரணியின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு ஹோல்களுக்குப் பிறகு வரும் வாக்குவாதம் நல்ல நட்பையும் கசக்க வைக்கும்.

கூட்டாளிக்குச் செய்யக்கூடியதும் கூடாததும்

எந்த கிளப், எந்தக் கோடு என்று கூட்டாளியிடம் தாராளமாகக் கேட்கலாம், சொல்லலாம். அவருடைய பந்து கிடக்கும் இடத்தில் அடையாளம் வைத்து எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். எதிரணியிடம் ஆலோசனை கேட்கக் கூடாது.

கிளப் விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். இருவரிடமும் உள்ள கிளப்புகளின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டாதபோது மட்டுமே ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தலாம். ஆளுக்கு ஒரு முழுப் பை வைத்திருந்தால் கூட்டாளியின் பட்டரை ஒரு முறைகூட வாங்கி அடிக்கக் கூடாது.

ஒருவர் விதியை மீறினால் தண்டனை பொதுவாக அவருக்கு மட்டுமே. ஆனால் அந்த மீறல் கூட்டாளியின் ஆட்டத்துக்கு உதவியிருந்தால் கூட்டாளிக்கும் அதே தண்டனை உண்டு. கூட்டாளி தாமதமாக வந்தாலும் கவலைப்பட வேண்டாம். நீங்கள் ஒருவரே ஜோடியின் சார்பாகத் தொடங்கலாம். அவர் வந்ததும் நடு ஹோலில் சேர முடியாது, அடுத்த ஹோலில் யாரும் அடிக்கத் தொடங்குவதற்கு முன் சேர்ந்துகொள்ளலாம்.

அட்டையைக் கொடுப்பதற்கு முன்

மேட்ச் பிளேயில் முடிவைத் தெரிவித்தால் போதும். ஸ்ட்ரோக் பிளேயில் அட்டைதான் எல்லாம். ஜோடிக்கு ஒரே அட்டை. அதை எழுதுபவர் மற்ற ஜோடியைச் சேர்ந்த மார்க்கர். ஒவ்வொரு ஹோலுக்கும் குறைந்தது ஒருவருடைய எண்ணாவது இருக்க வேண்டும். அது சலுகையைக் கழிக்காத, உண்மையில் அடித்த எண்ணாக இருக்க வேண்டும். யார் அடித்தது என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். நடுவில் பொதுவாக ‘4’ என்று எழுதினால் போட்டிக் குழுவுக்கு அது பத்துக்காரருடைய நான்கா, பதினெட்டுக்காரருடைய நான்கா என்று தெரியாது. நாம் பார்த்த இரண்டாம் ஹோலில் அந்த வித்தியாசமே ஓர் அடி. யாருடையது என்று தெரியாத எண்ணும், ஒரு ஹோலில் இருவருடைய எண்ணும் இல்லாமல் போவதும் ஸ்ட்ரோக் பிளேயில் ஜோடியையே போட்டியிலிருந்து நீக்கிவிடும்.

சலுகைகளைக் கழிப்பதும் கூட்டுவதும் போட்டிக் குழுவின் வேலை. கூட்டல் தவறினால் உங்களுக்குத் தண்டனை இல்லை. ஆனால் கணக்கில் வரும் ஒரு ஹோலின் எண்ணை அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கொடுத்துவிட்டால் நீக்கம்தான். அதிகமாக எழுதிவிட்டால் அந்த அதிக எண்ணே நிற்கும். கையெழுத்து மார்க்கருடையது ஒன்றும், ஜோடியில் ஒருவருடையது ஒன்றும் போதும். நான் பரிந்துரைப்பது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் ஹோல் ஹோலாக வாசிக்க மற்றவர் நினைவிலிருந்து சரிபார்ப்பது. பந்தை எடுத்துக்கொண்ட ஹோலில் அவருடைய கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டிருக்கிறதா, கூட்டாளியின் கட்டத்தில் எண் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். அதன் பிறகு கையெழுத்திட்டு, நேராகப் போட்டிக் குழுவின் மேசையில் அட்டையைக் கொடுங்கள்.